ஒற்றைக் குழல் 12 போர் துவக்குக்கு ரைபிள் குழல் மாட்டலாமா?

கிழங்குக்காணி, வெலிமடை

வணக்கம். பயிர்ப் பாதுகாப்புக்கு அனுமதிப்பத்திரத்தோட உள்ள ஒற்றைக் குழல் 12 போர் (குழல் துளை அளவு) துவக்கு. நடுவில் மடிச்சுத் திறக்கிற வகை. குழல் 30 அங்குலம், ஃபுல் சோக் (வாய்ப்பக்கம் நல்லா ஒடுங்கினது). கிழங்குக் காணிக்குப் பன்றி இறங்குற இடம் 40, 45 யார் (கஜம்) தூரம். அந்தத் தூரத்தில் SG (பெரிய ஈயக் குண்டுகள்) சிதறிப் போகுது. வெளிநாட்டு வீடியோக்களில் ஒரே துவக்கில் குழலை மட்டும் கழற்றி .22, .223, .308 என்று ரைபிள் குழல்களை மாற்றி மாற்றிச் சுடுறாங்க. முன்கட்டையை (குழலுக்கு அடியில் கை பிடிக்கிற கட்டை) கழற்றினா நம்ம குழலும் அப்படித்தானே வருது? அதே மாதிரி ஒரு குழல் எடுத்து மாட்ட முடியுமா? இல்லாட்டி 12 குழலுக்குள்ளே போடுற 20 போர் குழாயாவது பாவிக்கலாமா?

பழைய பிணைச்சல்

கழற்ற முடிகிறது என்பதால் மாற்ற முடியும் என்று ஆகாது தம்பி. உங்கள் குழல் கழறுவது துடைப்பதற்கும் பையில் வைப்பதற்கும்.

வீடியோவில் பார்த்தது பெரும்பாலும் தொம்சன் சென்டர் கன்டென்டர் (1967இல் வந்தது) அல்லது அதற்குப் பின் வந்த என்கோர் ஆக இருக்கும். அவை குழல் மாற்றுவதற்கென்றே செய்யப்பட்டவை. திறந்து வெறுமையா என்று பார்ப்பார்கள், முன்கட்டைத் திருகைக் கழற்றுவார்கள், பிணைச்சல் ஆணியைத் தள்ளி எடுப்பார்கள், குழலைத் தூக்குவார்கள். வேறு குழலை வைத்து அதே ஆணியைப் போட்டால் வேலை முடிந்தது. கன்டென்டரில் பூட்டும் நாக்கு குழலின் அடியிலேயே இருக்கிறது, வெற்றுக்கோது இழுப்பானும் குறிகாட்டியும் குழலோடேயே வரும். அதனால்தான் மாற்றி மாட்டினாலும் குறி பெரிதாகத் தவறுவதில்லை. சுத்தியலில் உள்ள தெரிவை மாற்றினால், .22 போல விளிம்பில் அடித்தால் வெடிக்கும் தோட்டாவுக்கு ஒரு ஊசியும், நடுவில் அடித்தால் வெடிக்கும் தோட்டாவுக்கு வேறு ஊசியும் அடிக்கும். அதிலும் எல்லை உண்டு: .308 என்கோரில் போடலாம், கன்டென்டரில் கூடாது.

ஹரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் ஹேண்டி ரைபிளைப் பாருங்கள். அதுவும் உங்களுடையது போல மடிகிற ஒற்றைக் குழல்தான். ஆனாலும் கூடுதல் குழல் வேண்டுமென்றால் ரிசீவரை (குழல் பூட்டும் உடற்பகுதி) தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டியிருந்தது, அங்கே அந்தக் குழலை அந்த ரிசீவருக்கு அராவிப் பொருத்தித் தந்தார்கள். ரிசீவரிலும் இரண்டு வகை: SB1 என்று அடித்திருந்தால் சிதறு துவக்குக் குழல் மட்டும், SB2 என்றால் ரைபிள் குழலும் போகும். வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

ஏன் என்பதற்குக் கணக்கு. 12 போர் சாதாரண தோட்டாவின் உச்ச அழுத்தம் ஐரோப்பிய அளவுப்படி 740 பார் (அழுத்த அலகு). .308க்கு 4150 பார். தோட்டாவின் அடிப்பரப்பு .308இல் சிறியது என்பதால் பின்முகத்தில் விழும் இடி அதே விகிதத்தில் ஏறாது. 12 போரில் இரண்டு தொன் சொச்சம் என்றால் .308இல் மூன்றரை தொன் பக்கம் வரும். அதுவே உங்கள் பூட்டு நாக்குக்கும் பிணைச்சலுக்கும் அதிகம். இன்னொன்று, சிதறு துவக்கின் அடிஊசித் துளை அகலம், ஊசியும் தளர்வு. ரைபிள் அழுத்தத்தில் பிரைமர் (தோட்டாவின் அடியில் ஊசி அடிக்கும் தீமூட்டி) அந்தத் துளைக்குள் பிதுங்கிக் கிழியும். கிழிந்தால் சூடான வாயு உங்கள் கண்ணை நோக்கித்தான் வரும்.

கந்தப்பளை 18.5

அண்ணன் சொன்னது சரி. இன்னொரு 12 போர் துவக்கின் குழலைக்கூட, ஒரே கம்பனி, ஒரே மாடல் என்றாலும், அப்படியே மாட்டிச் சுடாதீங்க. குழலின் அடியில் உள்ள கொக்கி பிணைச்சல் ஆணியில் உட்காரணும், குழலின் பின்முகம் ரிசீவரின் முகத்தோட ஒட்டணும், நாக்கு முழுசா ஏறணும். மூணும் ஒண்ணா அமையிறது அபூர்வம். மண்ணெண்ணெய் விளக்குக் கரியைக் குழலின் பின்முகத்திலும் கொக்கியிலும் பிடிச்சு, மூடித் திறந்து பார்த்தா எங்கே முட்டுது, எங்கே முட்டலை என்று தெரியும். முட்டுற இடத்தை முடி அளவு அராவுறது துவக்குத் திருத்துறவரோட வேலை. கூட அராவிட்டா அந்த உலோகம் திரும்ப வராது.

20 போர் குழாய் பற்றி: வெளிநாட்டில் விற்கிறாங்க, பாவிக்கிறாங்க. ஆனா வீட்டில் 12, 20 ரெண்டு தோட்டாவும் கலந்து கிடக்கிறதே ஆபத்து. 20 தோட்டா சின்னது, 12 அறைக்குள்ளே வழுக்கிப் போய் முன்னால இறுகி நிற்கும். வெடிக்கலையே என்று பின்னால ஒரு 12 போட்டுச் சுட்டா குழல் பிளக்கும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்றது இந்தக் குழப்பத்துக்காகத்தான். அதோட, 12ஐ விட 20இல் SG எண்ணிக்கை குறைவு. 45 யாருக்கு அது மருந்தே இல்லை.

சட்டம்: 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் உங்க பத்திரம். துவக்கின் வகையையும் இலக்கத்தையும் வச்சுத் தந்த பத்திரம் அது. குழலோ போரோ மாறுற எதையும் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) எழுத்தில் கேட்காம செய்யாதீங்க.

கிழங்குக்காணி, வெலிமடை

விளங்குது, ரைபிள் குழல் யோசனையை விட்டுட்டேன். அப்போ இருக்கிற குழலிலேயே தூரத்தைக் கூட்ட வழி? குழலைப் பிடிச்சு ஆட்டினா லேசா ஆடுது, அதுவும் பிரச்சினையா?

பழைய பிணைச்சல்

முதலில் ஆட்டத்தைப் பாருங்கள், தூரம் பிறகு.

வெறுமை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு முன்கட்டையைக் கழற்றிவிட்டு ஆட்டுங்கள். முன்கட்டையின் வில் குழலை இறுக்கிப் பிடித்துத் தேய்மானத்தை மறைத்துவிடும். அது இருக்கும்போதே ஆடினால் நிலை நீங்கள் நினைப்பதை விட மோசம். பிறகு சாதாரண போட்டோகொப்பித் தாளில் ஒரு கீற்றை குழல் முகத்துக்கும் ரிசீவர் முகத்துக்கும் இடையே வைத்து மூடுங்கள். ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. ஒரு தாளைக் கவ்விப் பிடித்தால் நல்லது. இரண்டு தாள் தாராளமாக வழுக்கினால் சுடுவதை நிறுத்திவிட்டுத் திருத்துபவரிடம் கொடுங்கள். சுட்ட கோதுகளையும் பாருங்கள், பிரைமர் அடித்தட்டை விட வெளியே தள்ளி நின்றால் அதே கதைதான். தேய்ந்த பிணைச்சலுக்குப் பெரிய ஆணி போடுவதுதான் முறை. கொக்கியில் வெல்டிங் பொட்டு வைத்துச் சமாளிப்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள், சூடு குழலின் அடி வரை போகும்.

அடுத்தது தோட்டா உட்காரும் அறையின் நீளம். முன்கட்டை இல்லாதபோது குழலின் அடியில் 65 அல்லது 70 (மி.மீ.) என்றோ, 2½ அல்லது 2¾ (அங்குலம்) என்றோ அடித்திருக்கும். பழைய ஆங்கிலேயத் துவக்குகளில் 65 நிறைய. 70 தோட்டா அதற்குள் தடையில்லாமல் போய் உட்காரும், ஏனென்றால் பெட்டியில் எழுதியிருப்பது வெடித்து விரிந்த பிறகுள்ள நீளம். வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும்.

கந்தப்பளை 18.5

தூரத்துக்கு: ஃபுல் சோக்கில் SG போன்ற பெரிய குண்டுகள் வாயில் நெருக்குப்பட்டு உருக்குலைஞ்சு விலகும். அரைச் சோக் குழலில்தான் பல நேரம் கூட்டம் நல்லா வரும். வாயை அறுத்துக் குறைக்கிறதுக்கு முன்னாடி தோட்டாவை மாத்திப் பாருங்க. சுட அனுமதி உள்ள இடத்தில் ஒரு மீட்டர் அட்டை வச்சு 25, 30, 35 யாரில் ஒவ்வொரு வகையிலும் மூணு மூணு. 32 கிராம் தோட்டாவில் SG ஒன்பது இருக்கும். 30 செ.மீ. வட்டத்துக்குள்ளே ஆறு குண்டாவது விழாத தூரம் உங்க துவக்குக்கு உரிய தூரம் இல்லை. என் கணக்கில் அது 35 யாருக்குள்ளேதான் முடியும். காணி ஓரத்தில் மறைவை பத்து யார் முன்னால நகர்த்துறது எந்தக் குழலை விடவும் மலிவு. இருட்டில் அசையிறதைப் பார்த்துச் சுடாதீங்க, மரையும் மானும் பாதுகாக்கப்பட்டவை, பக்கத்துக் காணிக்காரரும் அந்த நேரம் காவலுக்கு நிற்பார்.

கடைசியா, பூட்டுக்குள்ளே தேங்காயெண்ணெய் விட்டிருந்தா கழுவி எடுங்க. 24 பாகைக்குக் கீழே அது உறையும், நம்ம பக்கத்து ராத்திரிக்குச் சொல்லவே வேணாம். ஊசி சோம்பி அடிச்சு, தோட்டா மேல பழி வரும். மெல்லிய துவக்கு எண்ணெய் ரெண்டு சொட்டு, பிணைச்சல் ஆணிக்கு மட்டும் கொஞ்சம் கிரீஸ். குளிரில் இருந்து அடுப்படிச் சூட்டுக்குக் கொண்டு வந்தா குழலுக்குள்ளே வியர்க்கும், உறைக்குள்ளே வைக்காம துடைச்சுக் காய விடுங்க. மறுநாள் எடுக்கும்போது குழல் வழியா வெளிச்சம் பாருங்க. ஒரு சின்னக் குளவி மண் போதும் குழல் வீங்க. ஏற்கனவே வீங்கியிருந்தா உள்ளே கறுப்பு வளையம் ஒண்ணு தெரியும், அந்தக் குழலை இனிச் சுட வேணாம்.