சீமைக்கருவேலத் தூரில் தீப்பிடித்த வருசம்: "ஒரு வளையம் ஒரு வருசம்" சரியா?

கடலாடி_வேல்:
சாயல்குடிப் பக்கம் அறுத்த சீமைக்கருவேலத் தூர் ஒண்ணோட படம் சுத்திக்கிட்டு இருக்கு. "43 வளையம், அப்போ 43 வயசு. உள்ளேயிருந்து 19ஆவது வளையத்துல கருகல், அந்த வருசம் தீ"ன்னு எழுதி, மரவளையத்தை வச்சுப் பழைய காட்டுத்தீ வந்த வருசத்தைக் கண்டுபிடிச்ச அரிசோனா ஆய்வாளர் டாமஸ் ஸ்வெட்னம் செய்த மாதிரியேன்னு சேர்த்திருக்காங்க. எரிச்சலா இருக்கு. ஸ்வெட்னம் ஒரு மரத்தை எண்ணி வருசம் சொன்னவர் இல்லை. பாண்டெரோசா பைன்கிற அமெரிக்க ஊசியிலை மரத்துல அடித்தண்டுத் தீத்தழும்பு இருக்கிற இடத்துல ஆப்பு மாதிரி ஒரு துண்டு அறுப்பாங்க. உப்புத்தாளை 80ல ஆரம்பிச்சு 400 வரைக்கும் மாத்தி மாத்தித் தேய்ச்சு, ஒவ்வொரு செல்லும் தெரியுற அளவுக்குக் கொண்டு வருவாங்க. அப்புறம் குறுகின வளையம், அகல வளையம் வர்ற வரிசையைப் பல மரத்தோட ஒத்துப் பார்த்துத்தான் வருசம் குறிப்பாங்க. இந்த ஒப்பீட்டு முறையை நிலைநாட்டினவர் ஏ.இ. டக்ளஸ். 1937ல அரிசோனாவுல டூசான் நகரத்துல மரவளைய ஆய்வகம் தொடங்கினவரும் அவர்தான். அது இல்லாம எண்ணினா வெறும் எண்ணிக்கை. வருசம் இல்லை.

சாயல்குடி_மரக்கடை:
படம் போட்டது நான்தான், மறைஞ்சு பேச வேண்டாம். இங்க வருசத்துக்கு ஒரே ஒரு மழைக்காலம், ஐப்பசியும் கார்த்திகையும். ஒரு மழைக்காலத்துக்கு ஒரு வளையம். அரிசோனாக்காரன் எண்ணினா அறிவியல், சாயல்குடிக்காரன் எண்ணினா தப்பா?

கடலாடி_வேல்:
ஊரை இழுக்காதீங்க அண்ணே. மழை ஒரு தடவை பெய்யுறது போதாது, மரம் வருசத்துக்கு ஒரு தடவை வளர்றதை நிறுத்தணும். அரிசோனாவுல பனி நிறுத்துது. கேரளாத் தேக்கு கோடையில இலையை முழுசா உதிர்த்து நிறுத்துது. சீமைக்கருவேலம் பச்சையாவே நிக்கும், வேர் ஆழத்து ஈரத்துக்கு இறங்கிடும். சித்திரையில ஒரு கோடைமழை பெஞ்சா திரும்பத் துளிர்க்கும், அதுல பொய்வளையம் விழும். வறண்ட வருசத்துல தண்டோட ஒரு பக்கம் வளையமே இல்லாம போகும். உங்க 43ல எத்தனை பொய், எத்தனை காணாம போனது?

இன்னொண்ணு. ஐப்பசியில தொடங்குற வளர்ச்சி தை, மாசி வரைக்கும் ஓடுது. அப்போ ஒரு வளையம் ரெண்டு ஆங்கில வருசத்துல கிடக்கு. தென்கோளத்துல இதே சிக்கலுக்கு, வளர்ச்சி தொடங்கின வருசத்தையே வளையத்தோட வருசமா வைக்கிறாங்க. நீங்க எதை வச்சீங்க?

சாயல்குடி_மரக்கடை:
தேக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க. கேரளாத் தேக்குல 1481லேருந்து 2003 வரைக்கும் 523 வருசம் எண்ணியிருக்காங்க, நம்ம நாட்டு ஆய்வாளர்கள்தான். வெப்பநாட்டு மரத்துல ஒரு வளையம் ஒரு வருசம்னு அதுலயே தெரியுதே. ஒரு வளையம் ஒரு வருசம்தான்.

கடலாடி_வேல்:
தேக்குல ஒவ்வொரு வருசத் தொடக்கத்துலயும் பெரிய துளை வரிசை விழும், கண்ணாலயே பார்க்கலாம். அதையும் பல மரத்துல ஒத்துப் பார்த்துத்தான் 523. சீமைக்கருவேலத்துல எல்லைன்னு சொல்றது வெளிறின மெல்லிய திசுக்கோடு, பாதி சுத்தி வந்துட்டு மறைஞ்சிடும். தேக்கை வச்சு இதுக்குச் சான்று சொல்ல முடியாது.

கீழக்கரை_காக்கா:
வளையத்தை விடுங்க. அது தீத்தழும்புதானான்னு யாரு பார்த்தா? அரிவாள் வெட்டும் தழும்பாகும், மாட்டு வண்டி அச்சு உரசினாலும் ஆகும். தீத்தழும்பு தரையிலேருந்து முக்கோணமா ஏறும், திறந்த மரத்துல கரி ஒட்டியிருக்கும். காத்து அடிக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்தான் சுவாலை சுழன்று நின்னு பட்டையை வேக வைக்கும். மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காத்துல பிடிச்ச தீன்னா தழும்பு கிழக்குப் பக்கம் இருக்கணும். படத்துல திசையே இல்லை.

சாயல்குடி_மரக்கடை:
கருகல் கருகல்தான் காக்கா. தச்சனுக்கு அரிவாள் வெட்டு எது, தீ எதுன்னு தெரியும்.

கமுதி_கரி:
யாரும் சொல்லாததை நான் சொல்றேன். சீமைக்கருவேலத்தைக் கரிக்கு வெட்டினா தூர் திரும்பத் தழைக்கும். அறுத்த தண்டுல இருக்கிறது தழைச்ச கொப்போட வயசு, தூரோட வயசு இல்லை. பட்டையும் மெல்லிசு. நல்லா எரிஞ்சா மேல்மரம் செத்து அடியிலேருந்து புதுசாத்தான் வரும். பைன் மாதிரி தழும்போட பிழைச்சு நிக்கிறது அரிது.

கடலாடி_வேல்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். பாண்டெரோசாவுக்குத் தடிச்ச பட்டை, தழும்புல பிசின் ஊறி அழுகாம காக்கும். இங்க தழும்பு திறந்த வருசமே கரையான் ஏறும். அப்புறம் அந்தக் கருகல் கரிமூட்டத்துச் சூட்டுலயும் வந்திருக்கலாம். பட்டைக்கு அடியில இருக்கிற வளர்திசு 60 டிகிரியிலேயே செத்துடும். மூட்டத்தை மரத்துக்கு நெருக்கிப் போட்டாலே போதும்.

கமுதி_கரி:
தம்பி, மூட்டத்தைக் குறை சொல்ல வந்துட்டீங்களா? வைக்கோல் போட்டு, மண்ணு பூசி, காத்துக்கண்ணை அடைச்சு வேக வைக்கிற தொழில் அது. அடைப்பு சரியா இருந்தா பக்கத்துச் செடி வாடாது. போன தடவை ஊருணியைப் பத்தின பேச்சு இழையிலயும் இதே மாதிரி கரிக்காரங்களைத்தான் இழுத்தீங்க, மறக்கலை.

கடலாடி_வேல்:
அடைப்பு வெடிச்சா? மழை பெஞ்சு மண்பூச்சு விரிஞ்சா காத்து உள்ள போய்ச் சுவாலை வெளிய வரும். நடக்காதுன்னு சொல்லாதீங்க.

தொண்டி_டீச்சர்:
மரத்துலயே நிக்காதீங்க. தீ வரலாறு வேணும்னா கண்மாய் வண்டல்ல கரித்துகளைத் தேடலாம். குழாய் இறக்கி, படிவத்தைச் சென்டிமீட்டர் சென்டிமீட்டரா வெட்டி, சலிச்சு எண்ணுவாங்க. ஏரியில செய்யுற வேலைதான்.

கடலாடி_வேல்:
எந்தக் கண்மாய்ல டீச்சர்? நம்ம கண்மாய் கோடையில வெடிப்பு விட்டுப் போகும், மேல்மண்ணு வெடிப்புக்குள்ள விழும். வயலுக்குக் கரம்பை அள்ளினா படிவமே தலைகீழாயிடும்.

தொண்டி_டீச்சர்:
அள்ளாத இடமே இல்லையா? கரைக்குக் கிழக்கே கழிமுக ஓரத்துல சேறு கலையாம கிடக்கு.

கீழக்கரை_காக்கா:
அங்க கடல் வந்து போகும் டீச்சர். 1964 டிசம்பர்ப் புயல்ல தனுஷ்கோடியே போச்சு. கலையாத சேறு எங்க இருக்கும்?

சாயல்குடி_மரக்கடை:
பேச்சை மாத்தாதீங்க. 43 வளையம் 43 வருசம். இல்லைன்னு நிரூபிங்க.

கடலாடி_வேல்:
நிரூபிக்க வேண்டியது சொன்னவர். வழி நான் தர்றேன். தை மாசம் பட்டையைத் தாண்டி வளர்திசு வரைக்கும் ஊசி குத்துங்க, மரம் அந்த இடத்துல தழும்பு போடும். அடுத்த தை, அதுக்கடுத்த தை திரும்ப வேற இடத்துல குத்துங்க. மூணாவது வருசம் அறுத்து, ரெண்டு ஊசித்தழும்புக்கு நடுவுல எத்தனை கோடுன்னு பாருங்க. ஒரே மரம் பத்தாது. தண்ணிக்கால் ஓரம் ஒண்ணு, மேட்டுல ஒண்ணு, உவர்நிலத்துல ஒண்ணு. மூணுலயும் ஒரே கணக்கு வந்தா அப்போ பேசலாம். அவசரம்னா உள்வளையத்து மரத்தைக் கார்பன் 14க்கு, அதாவது கதிரியக்கக் கார்பனை அளந்து வயசு பார்க்கிற சோதனைக்கு அனுப்புங்க. அணுகுண்டுச் சோதனையால 1960கள்ல காத்துல அது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஏறி அப்புறம் இறங்கிக்கிட்டே வந்துச்சு. உங்க 43 உண்மையா பொய்யான்னு அந்த இறக்கமே காட்டும்.

சாயல்குடி_மரக்கடை:
பணம் யாரு கொடுக்கிறது? பேசுறவங்க கொடுப்பாங்களா?

உச்சிப்புளி_பனை:
பனையில இந்தத் தொல்லை இல்லையே. தண்டு மேல இருக்கிற வளையத்தை எண்ணினாப் போதும்.

கடலாடி_வேல்:
பனைக்கு வளர்திசு வளையமே கிடையாது. அது மட்டை விழுந்த தழும்பு. வருசத்துக்கு எத்தனை மட்டை விழும்ங்கிறது மரத்துக்கு மரம் மாறும்.

உச்சிப்புளி_பனை:
பனையைப் பத்திக் கடலாடி எங்களுக்குச் சொல்லித் தரணுமா?

சாயல்குடி_மரக்கடை:
அப்படிக் கேளுங்க. இவருக்கு எந்த மரத்தையும் எண்ண விடாம இருக்கணும். ஒரு வளையம் ஒரு வருசம், அவ்வளவுதான்.

கமுதி_கரி:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரலை. ஊருணி இழையில எழுதினதை வாபஸ் வாங்குறீங்களா, இல்லையா?

கடலாடி_வேல்:
வாங்க மாட்டேன். சாயல்குடி அண்ணே, தூரை எரிச்சிடாதீங்க. குறுக்குத் துண்டு ரெண்டு விரல் கனத்துக்கு அறுத்து நிழல்ல காய வைங்க, வெயில்ல வச்சா நடுவுல வெடிக்கும். 400 உப்புத்தாள் வரைக்கும் தேய்ச்சு, வடக்கு எதுன்னு குறிச்சு, நாலு திசையிலயும் தனித்தனியா எண்ணிப் போடுங்க.

சாயல்குடி_மரக்கடை:
நாலு திசையில எண்ணினாலும் 43தான் வரும். தேய்க்கவும் மாட்டேன்.