நாட் தேங்காய், ஆபீஸ் கடோ, மாமனாரின் கொள்ளி: எங்கே சேர்வது, எங்கே விலகுவது?

தாமுவே வாசி கேட்டது:

ரங்கூனில் தமிழ் பாப்டிஸ்ட் குடும்பம் நாங்கள். அடுத்த மாதம் வாடகை வீடு மாறுகிறோம். வீட்டுக்காரர் பர்மியர், தங்கமான மனுஷர். தென்கிழக்கு மூலையில் நாட் என்னும் பர்மிய ஆவிக்குச் சிவப்புத் துணி கட்டிய தேங்காய் தொங்குகிறது. முன்னறையில் உயரத்தில் பயாசிங்கும் (புத்தர் சிலை வைக்கும் பலகை) உண்டு. ஆபீசில் தடிஞ்சுட்டுக்கு (பௌத்த மழைக்கால விரதம் முடியும் பண்டிகை) பெரியவர்களுக்குக் கடோ, அதாவது குனிந்து வணங்கி மன்னிப்புக் கேட்பது. வருஷத்துக்கு ஒரு தடவை பொங்ஜிகளை (பௌத்தத் துறவிகளை) வரவழைத்து சூன், அதாவது உணவு தானம், கொடுப்பார்கள். இவை போக, தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம் ஒன்று: என் கணவர் மூத்த பிள்ளை, மாமனார் சைவர், வயது எண்பதுக்கு மேல். நாளைக்கு ஒன்று என்றால் கொள்ளி யார் வைப்பது?

"எல்லாம் ஒன்றுதான், அனுசரிச்சுப் போங்க" என்ற பதில் வேண்டாம். அது வீட்டிலேயே தினமும் கிடைக்கிறது.

பகோ மூப்பர்:

வீட்டு விஷயத்தை முன்பணம் கொடுக்கும் முன்னே பேசிவிடுங்கள். அந்தத் தேங்காய் மின் மஹாகிரிக்கு, அதாவது வீட்டைக் காக்கும் நாட் ஆவிக்கு. தண்ணீர் வற்றினால் பழசை இறக்கிப் புதுசு கட்ட வேண்டும். குடிவந்த பிறகு அது உங்கள் வேலையாகிவிடும். செய்யாவிட்டால் அக்கம்பக்கத்தில் யாருக்காவது காய்ச்சல் வந்தால்கூடப் பழி உங்கள் மேல்தான். "நாங்கள் கிறிஸ்தவர்கள், இதை மரியாதையாகப் பராமரிக்க எங்களால் ஆகாது, நீங்களே எடுத்து உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா?" என்று கேளுங்கள். "வேண்டாம்" என்று சொல்வதைவிட "பராமரிக்க ஆகாது" என்பது அவருக்குப் புரியும். கவனிப்பில்லாத நாட் அவருக்குமே பயம்.

பயாசிங்கும் அப்படித்தான். சிலையை அவரே எடுத்துப் போகட்டும், இல்லையென்றால் ஒரு சௌங்குக்கு (பௌத்த மடத்துக்கு) கொடுக்கட்டும். நீங்கள் கழற்றிக் கீழே வைப்பது, அட்டைப்பெட்டியில் போடுவது எதுவும் கூடாது. தண்டனைச் சட்டம் 295 புனிதப் பொருளை அவமதிப்பதைப் பற்றியது. உங்கள் எண்ணம் சுத்தமாக இருந்தாலும் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அதை நிரூபிப்பது யார்? காலிப் பலகை மிஞ்சினால் அதில் துணிமணி, செருப்புப் பெட்டி வைக்காதீர்கள்.

ஆபீஸ் சூனில் என்னென்ன எந்த வரிசையில் நடக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். முதலில் மும்மணிச் சரணமும் ஐந்து சீலமும் (ஒழுக்க விதிகள்) கேட்டு வாங்குவார்கள். பிறகு பரித்த (காவல் சூத்திரங்கள்) ஓதல், உபதேசம், தானம். கடைசியில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிப் புண்ணியத்தைப் பகிர்வார்கள். "அம்யா" என்று மூன்று முறை சொல்ல, சபை "தாது, தாது, தாது" (சாது, அதாவது நன்று) என்று பதில் சொல்லும். சரணம் சொல்வது புத்தரிடமும் தம்மத்திடமும் சங்கத்திடமும் அடைக்கலம் புகுவது. அதை நம் வாயால் சொல்லக் கூடாது. தண்ணீர் ஊற்றுவதும் "தாது" சொல்வதும் அதன் தொடர்ச்சி. மற்றதெல்லாம் வேலை: பாய் விரிக்கலாம், சோறு பரிமாறலாம், தட்டுக் கழுவலாம். ஓதும் நேரத்தில் பின்னால் காலை மடக்கி அமைதியாக உட்கார்ந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. எழுந்து வெளியே போவதுதான் கண்ணில் படும். முந்தின நாளே போய் "அடுப்படி என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டால் பிரச்சினையே எழாது.

கடோவில் குனிவதைவிட முன்னால் சொல்லும் "ஓகாச" வரிகளைத்தான் கவனிக்க வேண்டும். அவை மும்மணியை வணங்கிப் பாவப்பிழை பொறுக்கக் கேட்பவை. அதைச் சேர்ந்து சொல்லாமல், உங்கள் முறை வரும்போது பழமோ துண்டோ வலது கையில் ஏந்தி, இடது கையால் முழங்கையைத் தொட்டுக் கொடுங்கள். "என் தவறுகளை மன்னியுங்கள், நலமாக இருங்கள்" என்று பெரியவரிடமே சொல்லுங்கள். மனிதருக்குச் செய்யும் மரியாதை அது. சாஷ்டாங்கமாக விழுவதை எங்கள் சபையில் சிலர் ஒத்துக்கொள்வார்கள், சிலர் மாட்டார்கள். நான் வேண்டாம் என்பேன்.

மோல்மேன் பாய்:

சாப்பாட்டுக்கு நானும் ஒரு வார்த்தை. புத்தருக்கு வைக்கும் சோறு சின்னக் கிண்ணத்தில் தனியாகப் பலகைமேல் போய்விடும். விருந்தாளிக்குப் போடுவது அது அல்ல. நாட் ஆவிக்குப் படைப்பது ஒரு தேங்காயைச் சுற்றி மூன்று சீப்பு வாழைப்பழம், அதைப் பிறகு பிட்டுக் கொடுப்பார்கள். எங்களுக்கு அல்லாஹ் அல்லாதவர் பெயரில் படைத்தது ஆகாது, அறுக்கும்போது அல்லாஹ் பெயர் சொல்லாத இறைச்சியும் ஆகாது. மீனுக்கு அறுப்பு நிபந்தனை இல்லை, அதனால் மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) பெரும்பாலும் தொல்லையில்லை. ஆனால் எண்ணெயில் பன்றிக்கொழுப்பு உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

மறுத்து மறுத்து உட்காருவதைவிட நம் பங்காக ஒரு தேக்சா (அண்டா) தன்பௌ (பிரியாணி), ஹலால் கடையிலிருந்து, கோழியாக. பர்மியரும் ஆசையாகச் சாப்பிடுவார்கள், நமக்கும் ஒரு தட்டு நிச்சயம். மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம். அவர்களில் நிறையப் பேர் தொட மாட்டார்கள். அவர்களோடு நல்லபடி நடப்பதைக் குர்ஆன் 60:8 தடுக்கவில்லை. அவர்கள் வணங்குவதை நாம் வணங்குவதில்லை என்பதை 109ஆம் அத்தியாயம் ஆறே வசனத்தில் முடித்துவிடுகிறது. எங்களுக்கு இரண்டும் சேர்த்துத்தான்.

பகோ மூப்பர்:

பாய் சொன்னதற்கு எங்கள் பக்கத்து வசனம் 1 கொரிந்தியர் 10:25 முதல் 29 வரை. விருந்துக்கு அழைத்தால் விசாரிக்காமல் சாப்பிடு. "இது படைத்தது" என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், சொன்னவருக்காகச் சாப்பிடாதே. அப்படிச் சொல்லி நீட்டும் பழத்தை வாங்கிக் குப்பையில் போடுவதைவிட, கைகூப்பி "எனக்கு ஆகாது" என்பது மரியாதை.

தட்டோன் கத்தோலிக்கர்:

கொள்ளிக்கு வருகிறேன். வழக்கப்படி அப்பனுக்குத் தலைமகன், அம்மாவுக்குக் கடைக்குட்டி. தலைமகன் விலகினால் அடுத்த மகன், அவனும் இல்லையென்றால் மகள்வழிப் பேரன் அல்லது பங்காளி. ஆக வழி உண்டு. ஆனால் அதை இழவு வீட்டில் திறக்கக் கூடாது. அங்கே வாயைத் திறந்தால் "மருமகள் கெடுத்துட்டா" என்பதில் தொடங்கிச் சொத்தில் வந்து நிற்கும், ஏனென்றால் கொள்ளி வைத்தவனுக்கே பாத்தியதை என்ற பேச்சு நம் ஜனங்களிடம் இன்னும் இருக்கிறது. மாமனார் தெளிவாக இருக்கும்போதே உங்கள் கணவர் அவரிடம் தனியாகப் பேசட்டும். பிறகு பெரியவரே இரண்டு பங்காளிகள் முன்னால் "எனக்குச் சின்னவன் செய்யட்டும்" என்று சொல்லட்டும். செலவுப் பணத்தை அந்தத் தம்பி கையில் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். கடமையிலிருந்து நழுவுகிறான் என்ற பேச்சு அங்கேயே அடங்கும்.

குளிப்பாட்டுவது, கோடி போடுவது, பாடை தூக்குவது, மயானத்தில் கடைசிவரை நிற்பது எல்லாம் மகனாகச் செய்யலாம். வாய்க்கரிசி, கொள்ளிக்குடம் சுற்றுவது, பிண்டம், பதினாறாம் நாள் கருமாதி ஆகியவை தம்பிக்கு. எரிப்பதே பாவம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். எங்கள் திருச்சபை 1963இலேயே தகனத்தை அனுமதித்துவிட்டது, நெருப்பில் ஒன்றும் இல்லை.

2 அரசர்கள் 5இல் சிரியப் படைத்தலைவன் நாமான் தன் அரசனுக்குக் கைகொடுத்து ரிம்மோன் கோயிலில் குனிய நேரும் என்று சொன்னபோது, தீர்க்கதரிசி எலிசா "சமாதானமாகப் போ" என்றார். அதை வைத்து எல்லாவற்றையும் செய்யலாம் என்பவர்கள் உண்டு. அது எசமானின் உடம்பைத் தாங்குகிற வேலைக்காரனுக்கு. பலி செலுத்த மாட்டேன் என்று முந்தின வசனத்திலேயே அவன் சொல்லிவிட்டான்.

தாமுவே வாசி:

ரொம்ப நன்றி. இன்னொன்று: "நாங்க ஞாங்லேபின் மாதா திருவிழாவுக்கு வர்றோம், நீங்க ஏன் எங்க தீமிதிக்கு வந்து விபூதி வாங்கக் கூடாது?" என்று நாத்தனார் கேட்டால்?

தட்டோன் கத்தோலிக்கர்:

பிப்ரவரியில் அந்தத் திருவிழாவுக்கு பஸ் நிறைய வருகிறவர்களில் பல பேர் நம் சைவக் குடும்பங்கள்தான், நியாயமான கேள்வி. "உங்க நெறியில அதுக்கு இடம் இருக்கு அண்ணி, அதனால வர்றீங்க. எங்களுக்கு முதல் கட்டளையே ஒருத்தரைத் தவிர வேற யாரும் இல்லைன்னுதான்" என்று சொல்லுங்கள். எது உண்மை, எது பொய் என்ற வாதத்துக்குள் போகாதீர்கள். தீமிதி நாளில் அவர்கள் பிள்ளைகளை உங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், திரும்பி வருகிறவர்களுக்கு மோர் கலக்கி வையுங்கள்.