அவசர சிகிச்சை மேற்படிப்பில் தீசிஸ் கட்டாயம் வேண்டுமா?

இரவுப்பணி: அவசர சிகிச்சை மேற்படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தீசிஸ், அதாவது ஆய்வேடு, இல்லாமல் பட்டம் கிடையாது. இரவுப் பணி முடிந்து, தூங்காமல் உட்கார்ந்து பழைய கேஸ் ஷீட்டுகளிலிருந்து 60 பேரின் விவரம் சேர்க்கிறேன். இதனால் யாருக்கும் பயனில்லை என்று எனக்கே தெரியும். அந்த நேரத்தில் சிகிச்சைக் கைவேலை பழகியிருப்பேன். கட்டாயத்தை எடுத்துவிட வேண்டும்.

கணுக்கால்: ஏற்க முடியவில்லை. நம் துறையின் நல்ல ஆய்வுகள் பல, கேஷுவாலிட்டியில் நின்றவர்கள் கேட்ட கேள்வியிலிருந்து வந்தவை. கணுக்கால் பிசகி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எக்ஸ்ரே எடுத்த காலம் இருந்தது. எலும்பில் குறிப்பிட்ட இடங்களை அழுத்தினால் வலிக்கிறதா, நான்கு அடி வைக்க முடிகிறதா என்று பார்த்து முடிவெடுக்கலாம் என 1992-இல் ஒட்டாவா விதிகள் வந்தன. 2015-இல் ரிவர்ட் ஆய்வு. எஸ்விடி (இதயம் திடீரென மிக வேகமாகத் துடிக்கும் கோளாறு) நோயாளிகளை முக்கச் சொல்லி, உடனே படுக்கவைத்துக் காலைத் தூக்கினார்கள். 43 சதவீதம் பேருக்குத் துடிப்பு சீரானது, வழக்கமான முறையில் 17 தான். மருந்தே இல்லை! உங்களுக்கு இப்படி ஒரு கேள்வி தோன்றியதில்லையா?

இரவுப்பணி: தோன்றியிருக்கிறது. ஆனால் ரிவர்ட்டில் 428 பேர், 10 மருத்துவமனைகள். நான் தனி ஆள். செப்சிஸுக்கு (தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை) 2001-இல் ஒரே மருத்துவமனையில் 263 பேரை வைத்து ஒரு சிகிச்சை முறை வந்தது, உலகமே பின்பற்றியது. 2014, 2015-இல் வந்த மூன்று பெரிய ஆய்வுகளில், வழக்கமான சிகிச்சையைவிட அது கூடுதலாக உயிர் காக்கவில்லை. 263 பேருக்கே இந்தக் கதி என்றால் என் 60 எந்த மூலைக்கு?

பழைய வார்டு: டாக்டர், நீங்கள் சொல்வதெல்லாம் தனியாகச் செய்யும் ஆய்வுக்கு எதிரான வாதம். கிராஷ்-2 ஆய்வில் 40 நாடுகள், 274 மருத்துவமனைகள், 20,000-க்கு மேல் நோயாளிகள். காயம்பட்டவர்களுக்கு டிரானெக்சாமிக் அமிலம் என்ற ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்தைச் சீக்கிரம் கொடுத்தால் ரத்தப்போக்கால் வரும் சாவு குறையும் என்று அதில்தான் உறுதியானது. அப்படி ஓர் ஆய்வில் சேர்ந்து, நினைவில்லாத நோயாளிக்கு யாரிடம் சம்மதம் கேட்பது என்று நடுராத்திரியில் தடுமாறிப் பாருங்கள். அதுதான் பயிற்சி. அந்தப் பங்களிப்பையே தீசிஸாக ஏற்க வேண்டும்.

கணுக்கால்: அதில் பாதிதான் சரி. அடுத்தவர் கேள்விக்குப் படிவம் நிரப்பினால் கேள்வி கேட்கும் பழக்கம் எப்படி வரும்? 60 பேர் போதும், கேள்வி உங்கள் வார்டுடையதாக இருந்தால். நெஞ்சுவலியோடு வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுக்கிறோமா? அளந்து, குறையைச் சரிசெய்து, மறுபடி அளந்து பாருங்கள்.

இரவுப்பணி: எங்கள் இசிஜி மெஷின் உள்ளே, ட்ரையேஜ் (யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கும் இடம்) வெளியே. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். சரி, தலைப்பை மாற்ற முடியுமா என்று கைடிடம் கேட்கிறேன். ஆனால் வாரத்தில் அரை நாளாவது ரோஸ்டரில் ஒதுக்காமல் கட்டாயம் மட்டும் போடுவதை இன்னும் ஏற்கவில்லை.

பழைய வார்டு: அந்த அரை நாளுக்கு நானும் உங்கள் பக்கம்தான்.