பெய்ஜிங்கின் வடக்கிலிருந்து வேலைக்குச் செல்வோரின் அனுபவங்கள்

ஹுய்லோங்குவானில் வசிக்கும் உறுப்பினர்:

ஐந்தாம் சுற்றுச்சாலைக்கு வெளியே, நகரின் வடக்கே உள்ள ஹுய்லோங்குவானில் குடியிருந்துகொண்டு, அதற்கு மேற்கே ஷாங்டியில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். இரண்டுக்கும் இடையே தொலைவு அதிகமில்லை. ஆனால் நடுவில் பெய்ஜிங்–திபெத் விரைவுச்சாலை குறுக்கிடுவதால், அதைக் கடக்க உள்ள சில சாலைகளிலேயே காலையில் எல்லா வாகனங்களும் வந்து நெருக்குகின்றன. பேருந்தும் அதே நெரிசலில் நிற்கும் என்பதால் பலர் 13ஆம் தட மெட்ரோவை நாடுகிறார்கள். அங்கேயோ, நிலையத்துக்கு வெளியே வளைந்து வளைந்து செல்லும் இரும்புத் தடுப்புகளுக்குள் வரிசையில் நகர்ந்து, பையைச் சோதனைக் கருவியில் வைத்து எடுத்து, நடைமேடைக்கு ஏறிய பிறகும் முதலில் வரும் ரயிலில் கால் வைக்க இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

இந்த நிலையில்தான் 2019 மே 31 அன்று மிதிவண்டிகளுக்கு மட்டுமான 6.5 கி.மீ. சாலை திறக்கப்பட்டது. அதில் கார், மின்சார இருசக்கர வண்டி, நடந்து செல்வோர் என யாருக்கும் அனுமதி இல்லை. வேக வரம்பு மணிக்கு 15 கி.மீ. பாதையின் ஒரு பகுதி தூண்கள்மீது உயர்ந்து சென்று விரைவுச்சாலையைத் தாண்டுகிறது. காலையில் ஷாங்டியை நோக்கியும் மாலையில் வீட்டை நோக்கியும் கூட்டம் போவதால், நடுத்தடத்தின் திசையை நேரத்துக்கு ஏற்ப மாற்றிவிடுகிறார்கள். சிக்னலில் ஒருமுறைகூட நிற்காமல் அலுவலகப் பகுதியை அடைய முடிகிறது. மக்கள் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்பதை உற்றுக் கவனித்து, அதற்கென்றே கட்டப்பட்ட சாலை இது. இந்நகரின் அகன்ற சாலைகள் எல்லாவற்றையும்விட இதையே நான் உயர்வாக மதிக்கிறேன். சனவரிக் குளிர்காற்றில் மட்டும் மெட்ரோவுக்குத் திரும்பிவிடுகிறேன்.

சக ஊழியரின் காரில் செல்லும் உறுப்பினர்:

எங்கள் கார்ப் பயணத்தை எண் பலகையின் கடைசி இலக்கமே தீர்மானிக்கிறது. வார நாள்களில் காலை 7 மணி முதல் இரவு 8 மணி வரை, நாளுக்கு இரண்டு கடைசி இலக்கங்கள் கொண்ட பெட்ரோல் கார்கள் ஐந்தாம் சுற்றுச்சாலைக்கு உள்ளே ஓடக் கூடாது. 2008 ஒலிம்பிக்கின்போது ஒற்றை, இரட்டை எண் கார்களை ஒருநாள்விட்டு ஒருநாள் அனுமதித்தார்கள். அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. 4ஐச் சீனர்கள் ஆகாத எண்ணாகக் கருதுவதால் அதில் முடியும் பலகைகள் குறைவு. ஆகவே 4க்கும் 9க்கும் தடை உள்ள நாளில் வீட்டில் தங்கும் கார்களும் குறைந்து, சாலை மற்ற நாள்களைவிட அதிகமாகத் திணறுகிறது. அன்று நாங்கள் முன்கூட்டியே கிளம்பிவிடுவோம். இரண்டாவது கார் வாங்கி இதைச் சமாளிப்பதும் எளிதன்று. 2011 முதல் பெட்ரோல் காருக்கு எண் பலகையே குலுக்கலில்தான் கிடைக்கிறது. என் சக ஊழியரின் தம்பி இன்னும் அந்தக் குலுக்கலில் காத்திருக்கிறார்.

தியன்தோங்யுவானில் வசிக்கும் ஆசிரியை:

முதலில் எழுதிய அண்ணா புகழும் மிதிவண்டிச் சாலை எங்கள் பக்கத்துக்குப் பயன்படாது. நாங்கள் ஹுய்லோங்குவானுக்கும் கிழக்கே இருக்கிறோம். என் வேலையோ நகரின் தெற்கே. 2007இல் தொடங்கிய 5ஆம் தட மெட்ரோவில்தான் நான் போகிறேன். முன்பு எவ்வளவு தூரம் போனாலும் 2 யுவான்தான் கட்டணம். 2014 டிசம்பர் இறுதியில் 3 யுவானில் தொடங்கித் தூரத்துக்கேற்ப உயரும் முறை வந்தது. கூட்டம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் வீட்டு வாடகைக்காகத் தொலைவில் குடியேறியவர்கள் கட்டணம் கூடியதற்காகப் பயணத்தைக் குறைத்துக்கொள்ள முடியாது. இங்கே வீடு தேடுவோர், தடம் தொடங்கும் தியன்தோங்யுவான் வடக்கு நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் பார்ப்பது நல்லது. அடுத்தடுத்த நிலையங்களில் ஏறுபவர்கள் உட்கார இடம் வேண்டுமென்றால், எதிர்த்திசையில் அங்கே வந்துதான் திரும்ப வேண்டியிருக்கிறது.