மறு: எக்சர்கைன் – தமிழ்ல என்ன சொல்லலாம்?

> பயிற்சியூக்கின்னே வெச்சிரலாமே, எளிமையா இருக்கு.

இல்லீங்க அண்ணே, எனக்கு ஒத்துவரல. நம்ம அஞ்சு ரோட்டுல ஏதாச்சும் ஒரு ஜிம்முல பவுடர் டப்பாவக் காட்டி இதுதான் பயிற்சியூக்கின்னா பசங்க அப்படியே நம்பிருவாங்க, ஊக்கமருந்து ஞாபகந்தான் வருது. எக்சர்கைன் வெளிய இருந்து போறதில்ல, உடம்பு வேல செய்யறப்ப உறுப்புங்க ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்ல ரத்தத்துல அனுப்பற பொருளுங்க, உள்ளயே கெளம்பறது. 2003-ல டென்மார்க் ஆராய்ச்சியாளர் பெடர்சனோட குழு தசையில இருந்து வர்றதுக்கு மட்டும் மயோகைன்னு பேரு வெச்சாங்க, ஆனா ஈரல், கொழுப்பு எல்லாமே அனுப்புதே, அதனால 2016-ல எல்லாத்துக்கும் சேத்து எக்சர்கைன்.

ஹார்மோனுக்குச் சொல்ற இயக்குநீருங்கற பேரும் வேண்டாம். தசை வேல செய்யறப்ப உண்டாகற லாக்டேட், குட்டிக் குட்டிப் பைக்குள்ள போற ஆர்என்ஏ எல்லாம் இந்தக் கூட்டத்துல இருக்கு, அதப் போயி நீர்னு எப்படிச் சொல்றது.

2012-ல ஐரிசின்ங்கற ஒரு எக்சர்கைனுக்கு பேரு வெக்கறப்ப கிரேக்கத் தூது தேவதை ஐரிஸ எடுத்தாங்க. நமக்கென்ன தூதுக்குப் பஞ்சமா, கிளி நாரை நெஞ்சுன்னு எதையும் விடாம அனுப்பினவங்க. என் ஓட்டு "உழைதூது". மயோகைன் தசைத்தூது. பயிற்சின்னா ஷூ போட்டவங்க கணக்கு மட்டுந்தான் வருது, ஏற்காட்டுல காப்பிப் பழக் கூடையோட சரிவு ஏறுற அக்காவுக்கும் கீழ சேலத்துல குழித்தறி மிதிக்கிறவருக்கும் இதே சமாச்சாரந்தானே ரத்தத்துல ஓடுது?

இன்னொண்ணு, இத நோய் அடையாளமா பாக்கறவங்களுக்கு இந்தப் பேரு உதவும். இன்டர்லூகின்-6ன்னு ஒரு எக்சர்கைன், மராத்தான் ஓடினா பல மடங்கு ஏறி சில மணி நேரத்துல இறங்கிரும், அது நல்லது. ஆனா உடல்பருமன்லயும் முடக்குவாதத்துலயும் சும்மா உக்காந்திருக்கறப்பவே கூடி நிக்கும். ஒரே பொருள்தான், எப்ப ரத்தம் எடுத்தாங்கன்னு தெரியாம ரிப்போர்ட்ட மட்டும் பாத்தா குறி கேக்கற கதைதான். உழைச்சப்ப வந்தாத்தான் உழைதூது, மத்த நேரம் அது வெறும் இன்டர்லூகின்.

> உழைத்தூதுன்னு ஒற்று வராதா தம்பி?

வராதுங்க, வினைத்தொகை. ஊறுகாய்னுதானே சொல்றோம், ஊறுக்காய்னா சொல்றோம்?

> சரி ஒத்துக்கறேன். ஆனா காலைல ஏற்காடு அடிவாரத்துல இருந்து ரெண்டாவது கொண்டை ஊசி வளைவு வரைக்கும் நடந்துட்டு வந்து, உழைச்சுட்டு வந்தேன்னு சொன்னா எங்க வீட்டம்மா காப்பி குடுக்க மாட்டா.

அதுக்கு எங்கிட்ட பதில் இல்லீங்கண்ணே. இருபது வளைவும் ஏறிப் பாருங்க, குடுப்பாங்க.