சாஃப்ட் பேஸ்டல்: மூணாவது லேயர் ஏன் ஏற மாட்டேங்குது?

கரித்தூள்:
ஆயில் பேஸ்டல்ல இருந்து சாஃப்ட் பேஸ்டலுக்கு (சாக்பீஸ் மாதிரி தூளா உதிர்ற கலர் குச்சி) மாறியாச்சு. 24 கலர் செட், சாதா சார்ட் பேப்பர். இப்போதைக்கு மாம்பழம், மண்பானைதான். மூணாவது லேயர்ல குச்சி வழுக்குது, கலர் பிடிக்கல. நிழல் எல்லாம் சாம்பல் பூத்துடுது. ஃபிக்ஸேட்டிவ் (தூள் உதிராம பிடிக்கிற ஸ்ப்ரே) அடிச்சா ஹைலைட் (வெளிச்சம் பட்டுப் பளிச்னு தெரியுற இடம்) மங்கிடுது. மாத்த வேண்டியது பேப்பரையா, பேஸ்டலையா?

மணல்தாள்:
பேப்பரை. சாஃப்ட் பேஸ்டல்ல பசை ரொம்பக் கம்மி. தூள் நிக்கிறதே காகிதத்தோட சொரசொரப்புல சிக்கித்தான். சார்ட் பேப்பர்ல அது சீக்கிரமே அடைஞ்சிடும். அப்புறம் தூள் மேல தூள் வழுக்கத்தான் செய்யும்.

கான்சன் மி-தான்த்ங்கிற பேஸ்டல் பேப்பர், 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளோட எடை, கிராம்ல) வாங்குங்க. ஒரு பக்கம் தேன்கூடு மாதிரி அச்சு இருக்கும், மறுபக்கம் நைஸா இருக்கும். நைஸ் பக்கத்துல போடுங்க. இல்லேன்னா மாம்பழத் தோல்ல புள்ளி புள்ளியா தெரியும். வெள்ளை வேண்டாம், நடுத்தர சாம்பலோ மண் நிறமோ எடுங்க.

நிறைய லேயர் வேணும்னா வீட்டுலயே தாள் தயார் பண்ணலாம். 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் பேப்பரை பலகையில நாலு பக்கமும் டேப் ஒட்டுங்க (ஒட்டலேன்னா சுருண்டுக்கும்). அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வரையுறதுக்கு முன்னாடி பூசுற அடிப்பூச்சு) நாலு பங்கு, சன்னமான பியூமிஸ் தூள் (எரிமலைக் கல் பொடி) ஒரு பங்கு, கொஞ்சம் தண்ணி கலந்து பூசுங்க. முதல் கோட் மேலிருந்து கீழ, நல்லா காஞ்சப்புறம் ரெண்டாவது குறுக்க.

இப்ப அடைஞ்சு போன படத்தைத் தூக்கிப் போடாதீங்க. பலகையை நிமிர்த்தி வச்சு, காஞ்ச பன்றிமுடி பிரஷ்ஷால அந்த இடத்தை மட்டும் தட்டித் தள்ளுங்க. திரும்பப் பிடிக்கும்.

நிழல்பக்கம்:
சாம்பல் பூக்கிறதுக்குக் காரணம் கறுப்பும் விரலும். மஞ்சள் மேல கறுப்பைத் தேய்ச்சா அழுக்குப் பச்சைதான் வரும். மாம்பழத்தோட நிழல் பக்கத்துக்கு முதல்ல அடர் ஊதா, மேல பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அதுக்கு மேல மஞ்சளை அழுத்தாம, குச்சியைப் படுக்க வச்சு இழுங்க. அடியில இருக்கிற ஊதா அங்கங்க எட்டிப் பார்க்கணும். எப்பவும் அடர்நிறத்துல ஆரம்பிச்சு வெளிர்நிறம், கெட்டிக் குச்சியில ஆரம்பிச்சு மெதுக் குச்சி. ஹைலைட் கடைசியா, ஒரே அழுத்து.

குச்சியையும் பாருங்க. பக்கத்துக் கலர் ஒட்டின மஞ்சள் சுத்த மஞ்சளா விழாது. டப்பாவுல பச்சரிசி போட்டு, குச்சிகளை உள்ள விட்டு மெதுவா குலுக்கினா அழுக்கு அரிசியில ஏறிடும்.

மணல்தாள்:
விரலே கூடாதுன்னு இல்ல. முதல் லேயரை விரலால தேய்ச்சு பேப்பரோட குழிக்குள்ள இறக்கலாம். அதோட நிறுத்திக்கணும்.

கண்ணாடிச்சட்டம்:
ஃபிக்ஸேட்டிவ் விஷயம்: தூளுக்கு நடுவுல இருக்கிற காத்துதான் வெளிச்சத்தைச் சிதறடிச்சு அந்தப் பளிச்சைத் தருது. அந்த இடைவெளியை ஸ்ப்ரே நிரப்பினா நிறம் இறங்கும், வெளிர்நிறத்துல நல்லாவே தெரியும். அதனால நடு லேயர்களுக்கு மட்டும், 30 செ.மீ. தள்ளி, பேப்பருக்கு வெளிய ஆரம்பிச்சு லேசா அடிங்க. பிரெஞ்சு ஓவியர் டெகா லேயர் லேயரா ஃபிக்ஸ் பண்ணித்தான் வரைஞ்சார். ஹைலைட் போட்டப்புறம் ஸ்ப்ரேயைத் தொடாதீங்க.

ஃப்ரேமுக்குக் கண்ணாடி, படம் அதுல ஒட்டாம இருக்க நடுவுல மவுண்ட் (சுத்தி வைக்கிற அட்டை) இடைவெளி. அக்ரிலிக் ஷீட் வேண்டாம், ஸ்டேட்டிக்ல தூளை இழுத்துக்கும். அப்புறம், தூளை வாயால ஊதாதீங்க. சில மஞ்சள், சிவப்புல கேட்மியம் இருக்கு. பலகையை முன்னால சாய்ச்சு வச்சா தூள் தானா கீழ விழும், ஈரத் துணியால துடைச்சிடுங்க. என்95 மாஸ்க் போட்டுக்கோங்க.

கரித்தூள்:
பியூமிஸ் தூள் இங்க கிடைக்கல. கிளியர் ஜெஸ்ஸோ (நிறமில்லாத ஜெஸ்ஸோ) மட்டும் போதுமா?

மணல்தாள்:
போதும், அதுலயே சொரசொரப்பு இருக்கு. காஞ்சதும் விரல் நுனியால தடவிப் பாருங்க, சன்ன உப்புத்தாள் மாதிரி உரசணும். உரசலேன்னா இன்னொரு கோட்.