நியூட்ரலில் விட்ட ஓட்டோ: வேக-நேர வரைபு ஏன் நேர்கோடாக வரவில்லை?

வெள்ளவத்தை மாணவி:
உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். 'வாகனத்தைத் துணிக்கையாகவும் (பருமனில்லாத புள்ளியாகவும்) தடைவிசையை மாறிலியாகவும் கொள்க' என்று கணக்குகளில் வருமே, அதைச் சோதிக்க ஆசைப்பட்டு, போயா அன்று விடியக்காலையில் மாமாவின் ஓட்டோவில் மரைன் டிரைவுக்குப் போனோம். மணிக்கு 36 கிமீக்கு ஏற்றி நியூட்ரலில் விட்டார். நான் மீற்றரைப் போனில் வீடியோ எடுத்தேன். 10 செக்கனுக்கு ஒருதரம் வாசித்தால் 36, 27, 20, 14, 8. அமர்முடுகல், அதாவது வேகம் குறையும் வீதம், சீரானதென்றால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு குறையவேண்டும் அல்லவா? மூன்று தரம் எடுத்தும் இதேதான். எங்கே பிழை விட்டேன்?

பொறியியல் அண்ணா:
பிழையே இல்லை தங்கச்சி, அருமையான அளவீடு. கடைசி இரண்டு குறைவும் 6, 6 என்று சமமாக வந்திருப்பதைப் பாருங்கள். மெதுவாகப் போகும்போது டயரின் உருளல் தடைதான் பெரும்பங்கு. அது கிட்டத்தட்ட மாறிலி. 6 கிமீயை மாற்றினால் ஏறத்தாழ 0.17 மீ/செ². முதல் 10 செக்கனில் 9 கிமீ, அதாவது 0.25. மேலதிகமானது வளித்தடை. அது கதியின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். கதி பாதியானால் காற்பங்காகிவிடும். அதனால்தான் வரைபு தொடக்கத்தில் வளைந்து பிறகு நிமிர்கிறது. 'தடைவிசை மாறிலி' என்பது உங்கள் ஓட்டோவுக்கு 20க்குக் கீழே நன்றாகவே பொருந்துகிறது.

இன்னொன்று செய்து பாருங்கள். பின்சீற்றில் இன்னும் இரண்டு பேரை ஏற்றுங்கள். உருளல் தடை நிறையோடு சேர்ந்து கூடும், ஆகவே அதனால் வரும் அமர்முடுகல் மாறாது. வளித்தடையோ ஆள் ஏறினாலும் அப்படியே இருக்கும், திணிவு மட்டும் கூடும். வரைபின் வளைவு குறையவேண்டும்.

கொட்டாஞ்சேனை ரீச்சர்:
இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள் பிள்ளை. காற்றும் வீதியின் சின்னச் சரிவும் பெரும்பாலும் கழிந்துபோகும். துணிக்கை என்ற எடுகோளுக்கு இங்கே குறையில்லை, நேராகத்தானே ஓடுகிறது. வளைவில் ஓட்டோ பிரளுமா என்று கேட்டால் மட்டும் அது உதவாது. துணிக்கைக்கு உயரமும் இல்லை, சில்லுகளுக்கிடையே அகலமும் இல்லை, பிரள வழியே இல்லை. பரீட்சையில் கேள்வி சொன்ன எடுகோளையே எடுங்கள்.

வெள்ளவத்தை மாணவி:
அண்ணா, ரீச்சர், நன்றி! இன்று விடிய மச்சான்மார் இரண்டு பேரையும் ஏற்றி, தெற்கே ஒன்று வடக்கே ஒன்று எடுத்தோம். சராசரியில் முதல் 10 செக்கனில் 36 இலிருந்து 28. கடைசியில் அதே 6.